நித்தியகல்யாணிக்கு மருந்து அடிக்காதீர்கள்

அக்கா போய் ஒரு வருடம் ஆகிறது. இன்று பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் தம்பி நான் எழுதுகிறேன். அக்காவின் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதித் தரச் சொன்னார்கள். "கோபப்படாம எழுதுங்க. படிக்கிறவங்க எல்லாம் சொந்தக்காரங்க" என்று என் மனைவி சொன்னார். முயற்சி செய்கிறேன். இந்த ஒரு வருடத்தில் கோபப்படுகிற தெம்பும் பாதி போய்விட்டது.

அக்கா ஜோகூரில் லாபிஸ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், தண்டவாளத்தை ஒட்டிய தொழிலாளர் லயத்தில் பிறந்தார். ரயில் போனால் வீட்டில் தட்டு ஆடும். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே தவறிவிட்டார். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது அம்மாவை மருந்து அடிக்கும் கேங்கில் சேர்த்தார்கள். புல் மருந்து. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மரத்தையும் சுற்றி அடிக்க வேண்டும். மரத்தைச் சுற்றி வட்டமாக, ஒரு புல் இல்லாமல், வெறும் மண் தெரிய வேண்டும். அதுதான் சுத்தம். அப்படித் தெரியாவிட்டால் வேலை வாங்கும் மண்டோர் திட்டுவார்.

அம்மாவின் கை நகங்கள் கறுத்து ஒவ்வொன்றாக உரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். சில நாள் மாலையில் வாசற்படியில் உட்கார்ந்து துண்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டிருப்பார். துண்டில் ரத்தம் இருக்கும். அம்மாவின் வேலைத் துணிகளை அக்கா தனியாக ஒரு வாளியில் துவைப்பார். "நீ தொடாத, நான் பாத்துக்குறேன்" என்று அம்மா பிடுங்குவார். அக்கா விடமாட்டார். பிற்காலத்தில் அம்மாவுக்கு வந்த நோய்க்கு மருந்துதான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. அதனால் நானும் எழுதவில்லை. நகங்களைப் பார்த்தேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

அம்மாவின் தம்பி, எங்கள் தாய்மாமா, அதே கேங்கில் பையனாகச் சேர்ந்து பின்னாளில் அதற்கே மண்டோர் ஆனார். மாமா இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "எழுது" என்றார்.

பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் அக்கா பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போனார். ஷிப்ட் வேலை. காலை ஷிப்டுக்கு விடியுமுன் பஸ் வரும். சில வருடம் ஹாஸ்டலில் இருந்து சம்பாதித்து, ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்து, அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டார். அக்கா எங்களுக்காகத் தியாகம் செய்து கல்யாணம் வேண்டாம் என்று இருந்தார் என்று உங்களில் சிலர் போன வருடம் இறுதிச் சடங்கில் பேசினீர்கள். அக்கா கேட்டிருந்தால் சிரித்திருப்பார். வந்த மாப்பிள்ளைகளை அவருக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். ஒருவர் பெண் பார்க்க வந்த இடத்தில் சம்பளச் சீட்டைக் கேட்டார். அக்கா அவருடைய சீட்டைத் திருப்பிக் கேட்டார். அத்தோடு போய்விட்டார்.

அம்மா எங்கள் ஃபிளாட்டில்தான் இறந்தார். கடைசி வாரம் அக்காவைப் பக்கத்தில் கூப்பிட்டார். நானும் அங்கே நின்றேன்.

"எனக்குச் சிமெண்டு போடாதீங்க. டைல்ஸு வேணாம். மண்ணாவே வுட்டுருங்க. மருந்து மட்டும் அடிக்கவே கூடாது. எது மொளச்சாலும் மொளச்சிட்டுப் போவட்டும்."

"பூச்செடி வெக்கட்டுமாம்மா?" என்று அக்கா கேட்டார்.

"தண்ணி ஊத்த யாரு வருவா? ரயில் ஓரத்துல இருக்குமே, அந்தப் பூவப் போடு. அது மேலயும் நான் அடிச்சிருக்கேன். மறு மாசம் அங்கயே வந்து நிக்கும்."

அம்மா சொன்னது நித்தியகல்யாணியை. ஐந்து இதழ், ரோஸ் நிறம், நடுவில் ஒரு புள்ளி. ரயில் ரோட்டுச் சரளைக் கல்லுக்கு நடுவில், மதிய வெயிலில், யாரும் தண்ணீர் ஊற்றாமல் பூக்கும். ஒருமுறை வேர் பிடித்தால் வருடக்கணக்கில் நிற்கும். மாடு கடிக்காது, கசக்கும். லாபிஸ் கல்லறைக்கு வேலி பாதிதான் இருக்கிறது, மாடுகள் வந்து போகும். வருடத்துக்குச் சில முறைதான் எங்களால் அங்கே போக முடியும். இதைவிடப் பொருத்தமான செடி கிடையாது.

அம்மாவை லாபிஸில் அடக்கம் செய்த பிறகு, அக்கா பழைய லயத்துப் பக்கம் போய்த் தண்டவாள ஓரத்தில் விதை எடுத்து வந்தார். காய் பார்க்கச் சின்ன அவரை மாதிரி இரட்டையாக இருக்கும். பச்சையாகப் பறித்தால் முளைக்காது. முற்றி வெடித்துவிட்டால் கொட்டிவிடும். மஞ்சளாகி வெடிக்கப் போகிற சமயத்தில் பறிக்க வேண்டும். உள்ளே மிளகைவிடப் பல மடங்கு சின்னதாகக் கறுப்பு விதை.

முதல் வருடம் கல்லறைத் திருநாளன்று நேராக அம்மாவின் மண்ணிலேயே தூவினார். அடுத்த வாரம் மழை தொடங்கியது. நவம்பர் மழை ஜோகூரில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விதையும் போனது, மேல்மண்ணும் போனது.

பிறகு வீட்டில் பால் டின்களில் போட்டார். விதையை மண்ணுக்கு மேலேயே விட்டுவிட்டார். சரியாக முளைக்கவில்லை. இந்த விதைக்கு இருட்டு வேண்டும் என்று பல டின் வீணான பிறகுதான் தெரிந்தது. நகக்கனம் மண்ணைத் தூவி, மேலே அட்டையை மூடி வைத்தார். ஒரு வாரம் தாண்டி அட்டையைத் தூக்கினால் பச்சை. ஷிப்ட் முடிந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன் அட்டையைத் தூக்கிப் பார்ப்பார். அப்புறம் அந்தக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியே கொன்றார். ஷிப்ட் போகும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. தண்டு அடியில் அழுகி எல்லாம் சாய்ந்துவிட்டன. மண் காய்ந்தால்தான் ஊற்ற வேண்டும், பாதி மணல் கலக்க வேண்டும், சீனப் பெருநாள் முடிந்து வெயில் வரும்போது விதைக்க வேண்டும், நுனியைக் கிள்ளிவிட்டால் கிளை விடும். எல்லாவற்றையும் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டார். யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தச் சமயம் பெக்கோக்கிலிருந்து சித்தி வந்தார். ஃபிளாட் நடைபாதையில் வரிசையாக டின்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"சுடுகாட்டுப் பூவ வீட்டு வாசல்ல வெச்சி வளக்குறியே, நல்லாவா இருக்கு?"

"சுடுகாட்டுக்குத்தான் சித்தி வளக்குறேன். கொஞ்சம் பெருசாகட்டும், அனுப்பிர்றேன்" என்றார் அக்கா.

ஈஸ்டர் முடிந்து கன்றுகளைக் காரின் பின் சீட்டில் வைத்து லாபிஸ் கொண்டுபோனோம். அம்மாவின் மண்ணில் நட்டோம். பிடித்துக்கொண்டது. ஆகஸ்டில் போனபோது தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை பூ. அக்கா செல்போனில் படம் எடுத்து ஃபேக்டரியில் எல்லோருக்கும் காட்டினார். கல்லறையைப் படம் எடுத்துக் காட்டுகிற ஆளை அவர்கள் அப்போதுதான் பார்த்திருப்பார்கள்.

அந்த நவம்பர், கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தியோடு போனோம். செடி எல்லாம் மஞ்சளாகிச் சுருண்டு கிடந்தது.

உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கல்லறைத் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை நம் ஆட்கள் கூடிக் கல்லறையைச் சுத்தம் செய்யும் கோத்தோங் ரோயோங் நடத்துகிறார்கள். மண்வெட்டி ஒன்றிரண்டு வரும், பம்பு அதிகம் வரும். எல்லோரும் தோட்டத்தில் வேலை செய்தவர்கள், அல்லது செய்தவர்களின் பிள்ளைகள். சுத்தம் என்றால் நமக்கு வெறும் மண். புல்லும் சாகும், பூவும் சாகும், அன்றைக்கு மெழுகுவத்தி வைக்க வசதியாக இருக்கும். முதல் தடவை யாருக்கும் தெரியாது என்று அக்கா விட்டுவிட்டார். மறுபடி விதைத்தார், மறுபடி நட்டார். இந்த முறை செப்டம்பரிலேயே மாமாவுக்கு போன் செய்து, அம்மா கல்லறையில் பூச்செடி இருக்கிறது, மருந்து படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்.

"கவலய வுடும்மா. எங்கக்காவுத நானே செய்யறேன், வேற யாரையும் கிட்ட வுட மாட்டேன்" என்றார் மாமா.

நாங்கள் போனபோது மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் நின்றார்.

"வாம்மா. வா மாப்ள. உங்கம்மாவுதப் பாருங்க, ஒரு புல்லு இருக்கா? மத்தவங்களுக்கு ஒரு ரவுண்டு, எங்கக்காவுக்கு ரெண்டு ரவுண்டு அடிச்சேன்."

அக்கா மண்ணைப் பார்த்தார். செடிகள் வெந்த கீரை மாதிரி கிடந்தன.

"நீ பூச்செடின்னு சொன்னல்ல, மறக்கல. பூவத் தூக்கி அந்த மரத்தடியில வெச்சிட்டுத்தான் அடிச்சேன். ஒரு சொட்டு படல."

மரத்தடியில் பிளாஸ்டிக் பூ ஜாடி இருந்தது. யாரோ வைத்துவிட்டுப் போனது. அதைத்தான் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். நித்தியகல்யாணி அவர் கண்ணுக்குச் செடியே இல்லை. ரயில் ஓரத்துக் களை. வாழ்நாள் முழுக்க அதை அடித்தே சம்பளம் வாங்கியவர்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நசுக்கினார்.

"சுத்தமா இருக்கு மாமா" என்றார்.

திரும்பி வரும்போது காரில் சண்டை.

"அம்மா சொன்னத அந்த ஆளுகிட்ட சொல்ல வேண்டியதுதானேக்கா?"

"சொல்லி?"

"அடிக்க மாட்டாரு."

"இது வரைக்கும் அடிச்சத என்னா செய்வாரு? எங்க கொண்டு போயி வெப்பாரு?"

"அப்ப செடி வருசா வருசம் சாவட்டுமா?"

"செடி திரும்ப மொளைக்கும்டா. அவருக்கு அந்த வயசு இல்ல."

அடுத்த வருடம் அக்கா வேறு வழியாகச் சொல்லிப் பார்த்தார். அம்மா கல்லறைப் புல்லை நாங்களே வந்து வெட்டிக்கொள்கிறோம் என்றார். மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. "நான் போனப்புறம் வெட்டிக்குங்க. எங்கக்காவுக்கு நான் இதுகூட செய்யக் கூடாதா?" என்றார். அதற்குப் பிறகு அக்கா கேட்கவில்லை. அக்டோபர் நடுவிலேயே போய்க் காய்களைப் பறித்து, காலி மாத்திரைப் பாட்டிலில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். பிறகு மாமா வந்து அடிப்பார். சீனப் பெருநாள் முடிந்ததும் அக்கா டின்களை எடுப்பார். வருடக்கணக்கில் நிற்கிற செடி எங்கள் அம்மாவின் மண்ணில் ஒரு முழு வருடம் நின்றதில்லை. எனக்கு ஆத்திரமாக வரும். அக்காவுக்கு ஆத்திரம் வந்ததா என்று தெரியாது. காட்டியதில்லை.

அக்காவுக்குச் சர்க்கரை. பிறகு சிறுநீரகம் போனது. வேலையை விட்டார். ரத்தம் கழுவப் போக ஆரம்பித்தார். வாரத்தில் பாதி நாள் அந்த நாற்காலியில் போகும், மீதி நாள் அந்தக் களைப்பில் போகும். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். உதடு வெடித்திருக்கும். ஒரு ஐஸ் துண்டை வாயில் வைத்துக்கொண்டு, நடைபாதையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, என் மனைவி டின்களுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்ப்பார். "போதும்மா, போதும். அதுக்கும் அளவாத்தான் குடுக்கணும்" என்பார். கடைசி வருடம் எங்களால் நடப் போக முடியவில்லை. கன்றுகள் டின்னிலேயே பூத்தன.

போன வருடம் மழைக்கு முன் அக்கா போனார். அம்மாவுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினோம். வெட்டிய மண்ணை அம்மாவின் மேல்தான் குவித்தார்கள், வேறு இடமில்லை. மூடும்போது எது யாருடைய மண் என்று பார்க்க முடியவில்லை. சேர்த்துத்தான் மூடினார்கள். சில வாரத்தில் வந்த கல்லறைத் திருநாளுக்குப் புது மண், அடிக்க ஒன்றும் இல்லை.

இந்த ஈஸ்டருக்குப் போனபோது அக்காவின் மண் முழுக்கக் குட்டி குட்டியாக நித்தியகல்யாணி முளைத்திருந்தது. நாங்கள் ஒன்றும் விதைக்கவில்லை. என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டு, கடவுள் செய்த புதுமை என்றார். புதுமை இல்லை. யாரும் போய் ஃபாதரிடம் சொல்லிவிடாதீர்கள். இத்தனை வருடம் பறிக்காமல் தப்பிய காய்கள் வெடித்து விழுந்த விதை அம்மாவின் மேல்மண்ணில் கிடந்தது. மண்வெட்டி புரட்டியதில் இருட்டுக்குள் போனது, முளைத்தது. மருந்து செடியைத்தான் கொல்லும். விதையை விட்டுவிடும். அம்மா அதைத்தான் சொல்லியிருந்தார்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை மாமா போன் செய்தார்.

"மாப்ள, உங்கக்கா மண்ணு மேல புல்லு மொளச்சி காடா கெடக்கு. கலர் பூ வேற வுட்டுருக்கு. பாக்க நல்லால்ல. காலயில போயி அடிச்சிர்றேன்."

"வேணாம் மாமா. அடிக்காதீங்க. நான் வரேன்."

"நீ எதுக்கு அவ்ளோ தூரம் அலையற? எனக்கென்னா கஷ்டம்" என்று வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. மாமா போனை வீட்டில் வைத்துவிட்டுத் திரிகிறவர்.

காலையில் கிளம்பினேன். யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும்போதே வெயில் ஏறிவிட்டது. முடிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். கல்லறையில் போய் நின்றால் மாமா பம்போடு எங்கள் வரிசைக்கு வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் இருப்பவர்களுடையதை எல்லாம் முடித்திருந்தார். எங்களுடையதைக் கடைசிக்கு வைத்திருந்தார், இரண்டு ரவுண்டு அடிப்பதற்கு. அதனால்தான் செடி தப்பியது.

நான் நடுவில் போய் நின்றேன். கத்தினேன். கல்லறையில் கத்தக் கூடாது, கத்தினேன். அம்மா சொன்னது, அக்கா விதைத்தது, பிளாஸ்டிக் ஜாடி, மாத்திரைப் பாட்டில், எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருடம் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அடக்கியதெல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

மாமா குழாயைக் கீழே இறக்கினார்.

"எங்கக்கா அப்படியா சொல்லுச்சு?"

"ஆமா."

"இந்தப் புள்ள எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு சொல்லல."

பக்கத்திலிருந்த டைல்ஸ் கல்லறையின் ஓரத்தில் உட்கார்ந்தார். பம்பு முதுகிலேயே இருந்தது. அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் எத்தன வாட்டி அடிச்சிருப்பேன் மாப்ள?"

ஜெயித்த மாதிரி ஒன்றும் இல்லை. அக்கா எதைத் தடுத்தார் என்று அப்போதுதான் நேரில் பார்த்தேன். பம்பின் வாரைக் கழற்றி இறக்கினேன். அவருடைய சட்டை முதுகு நனைந்திருந்தது. மீதி மருந்தை எங்கே கொட்டுவது என்று கேட்டேன். "எங்கயும் ஊத்தாத. மூடு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாம்" என்றார்.

ஒரு மாதம் கழித்து மாமா பஸ் ஏறி பாசிர் கூடாங் வந்தார். பேப்பரில் நீளமாக ஏதோ சுற்றியிருந்தது. பம்பின் குழாய். அது இல்லாமல் பம்பால் ஒன்றும் செய்ய முடியாது.

"நீயே வெச்சிக்க. எங்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காது."

சாப்பிட்டுவிட்டு, நடைபாதையில் இருந்த டின்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இலையைத் தடவிப் பார்த்தார். மூன்று கன்றுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு மாலை பஸ்ஸில் போய்விட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் கழுவும் இடத்தில் அக்காவை மலாயில் 'கக்கா', அதாவது அக்கா, என்று கூப்பிட்டு, ஐஸ் துண்டை அளந்து கொடுத்த நர்ஸுகளுக்கு நன்றி. நான் வேலையில் இருந்தபோது அக்காவைக் கொண்டுபோய்க் கொண்டுவந்த மாடி வீட்டு மலாய்க்காரத் தம்பதிக்கு நன்றி. மழை வருமுன் குழியை வெட்டி முடித்த லாபிஸ் பங்கு இளைஞர்களுக்கு நன்றி. அக்காவின் டின்களைக் காயாமலும் அழுகாமலும் பார்த்துக்கொள்ளும் என் மனைவிக்கு நன்றி. மாமாவுக்கு நன்றி. வருகிறேன் என்று சொல்லி வராதவர்களுக்கு ஒன்றும் இல்லை.

அடுத்த மாதம் கோத்தோங் ரோயோங் வருகிறது. நீங்கள் வருவீர்கள், பம்பும் கொண்டு வருவீர்கள். உங்கள் வீட்டுக் கல்லறையை உங்கள் விருப்பப்படி செய்துகொள்ளுங்கள். எங்கள் வரிசையில் ரோஸ் நிறத்தில் ஐந்து இதழோடு இருப்பது களை இல்லை. அது எங்கள் அம்மா கேட்டது, அக்கா போட்டது. மாமா அன்று காலையிலேயே அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன் என்று சொல்லியிருக்கிறார். அவரைத் தாண்டி யாரும் அடிக்க முடியாது என்று நினைக்கிறேன்.

போன வாரம் போய்ப் பார்த்தேன். காய்கள் மஞ்சளாகி வெடிக்கிற பதத்தில் இருந்தன. மாத்திரைப் பாட்டிலைச் சட்டைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். பறிக்கவில்லை. வெறும் பாட்டிலோடு திரும்பி வந்தேன்.